கலப்பு மணம் என்னும் சொல்

மக்களைக் குறித்து வழங்கும் சொற்கள் இருவகைப்படும். ஒரு வகை, உள்ள பொருளைச் சுட்டிக்காட்டி ஒதுங்கி நிற்பது. மற்றொரு வகை, சுட்டிக்காட்டுவதுபோல் வந்து, பொருளின்மீது தீர்ப்பும் எழுதிவிட்டுப் போவது. விவாகத்தைப் பற்றிய சொற்களில் இவ்விரண்டாம் வகையே மிகுதி. நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி எழுவதும், எழுந்தவுடன் பலர் முகத்தைச் சுருங்கச் செய்வதுமாகிய 'கலப்பு மணம்' என்னும் சொல் அவற்றுள் ஒன்று. மணத்தைக் குறித்த வாதங்கள் பல முறை நடந்துள்ளன. சொல்லைக் குறித்த ஆராய்ச்சியோ அரிது. இச்சொல்லும் இதன் உறவினச் சொற்களும் எங்கே பிறந்தன, எவர்க்குப் பயன்பட்டன, நமது திருவள்ளூர் மாவட்டத்தின் வரலாறு இவற்றைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கிலத்தில் இன்று வழக்கொழிந்து வரும் ஒரு சொல்லை முதற்கண் எடுத்துக்கொள்வோம். 'மிஸிஜெனேஷன்' என்பது அது. கலத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையையும், இனம் என்று பொருள்படும் இலத்தீன் பெயரையும் ஒட்டவைத்துச் செய்யப்பட்டது. வடிவத்தைப் பார்த்தால் ஏதோ பழைய சாஸ்திரச் சொல்போல் தோன்றும். உண்மையில் அது ஒரு தேர்தல் சூழ்ச்சிக்காகப் புனையப்பட்டது. 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் வடபகுதியும் தென்பகுதியும் போரிட்டுக்கொண்டிருந்தபொழுது, நியூயார்க் நகரில் ஆசிரியர் பெயரில்லாத ஒரு சிறு நூல் வெளிவந்தது. வெள்ளையரும் நீக்ரோக்களும் ஒருவரையொருவர் மணந்து ஓரினமாதலே நாட்டுக்கு நல்லது என்று அந்நூல் வாதித்தது. அடிமை ஒழிப்பில் ஆர்வமுடைய ஒருவர் எழுதியதுபோல் அது அமைந்திருந்தது. எழுதியவர்களோ, ஆபிரகாம் லிங்கனுடைய கட்சிக்கு எதிர்க்கட்சியைச் சார்ந்த 'வேர்ல்டு' பத்திரிகையில் பணிசெய்த டேவிட் குட்மன் குரோலியும் ஜார்ஜ் வேக்மனும் ஆவர். லிங்கனை ஆதரிப்போர் வாயால் இந்நூலைப் புகழச் செய்து, 1864-ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்புகழுரைகளைக் காட்டி வாக்காளரை அச்சுறுத்த வேண்டுமென்பது அவர்கள் கருத்து. லிங்கன் வென்றார், சூழ்ச்சி வெளிப்பட்டது. ஆயினும் சொல் சாகவில்லை. அதற்குமுன் வழங்கிய 'அமால்கமேஷன்' என்னும் சொல்லைத் தள்ளிவிட்டு இது நின்றது. 'மிஸ்' என்னும் தொடக்கம் ஆங்கிலச் செவியில் 'தவறான' என்றே ஒலிக்கும். வேர்ப்பொருளில் தவறென்பது இல்லையாயினும், கேட்பவர் உள்ளத்தில் தவறென்னும் எண்ணம் முன்கூட்டியே புகுந்துவிடும். புனைந்தவர்க்கு இதனினும் நல்ல கருவி வேறு எது கிடைக்கும்?

சொல் புதியது, தடையோ பழையது. மேரிலாந்தில் 1664-லும் வர்ஜீனியாவில் 1691-லும் இத்தகைய மணங்களுக்கு எதிராகச் சட்டங்கள் தோன்றிவிட்டன. சொல் கிடைத்தபின் தடைக்கு ஒரு பெயரும், பெயரால் ஒரு மதிப்பும் கிடைத்தன. வர்ஜீனியா இராஜ்யம் 1924-ஆம் ஆண்டில் 'இனத்தூய்மைச் சட்டம்' என்றே பெயரிட்டு ஒரு சட்டம் செய்தது. அவ்விராஜ்யத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் என்னும் வெள்ளையரும் மில்டிரட் என்னும் கறுப்பினப் பெண்ணும் 1958-ல் வாஷிங்டனில் மணந்துகொண்டு ஊர் திரும்பினர். கணவன் மனைவியாக வாழ்ந்த குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டனர். 1967-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அந்நாட்டு உயர் தலைமை நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் யாவும் செல்லா எனத் தீர்ப்பளித்தது. அன்று 16 இராஜ்யங்களில் அவை உயிரோடிருந்தன. தென்னாப்பிரிக்காவில் 1949-ல் இயற்றப்பட்ட இத்தகைய மணத்தடைச் சட்டம் 1985-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இங்கு ஒன்றை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அமெரிக்கச் சட்டங்கள் முதன்மையாகத் தடுத்தது மணத்தை. பண்ணை முதலாளி ஒருவன் தன் அடிமைப் பெண்ணிடத்தில் பிள்ளைகளைப் பெற்றால் அச்சட்டங்களின் வாள் அவன்மேல் பாய்ந்ததில்லை. அப்பிள்ளைகளையும் அவன் அடிமைகளாகவே எண்ணிக்கொண்டான். ஒருவரையொருவர் விரும்பி, ஊரறியக் கைப்பிடித்த இருவரே குற்றவாளிகளாயினர். இரத்தத்தை மட்டும் நோக்கும் சொல்லுக்கு வன்முறையும் விருப்பமும் ஒன்றே, இரண்டும் 'கலப்பு'. சம்மதம் என்பதை அச்சொல் காண்பதேயில்லை. இதுவே அதன் தலையாய குற்றம் என்பது நமது துணிபு.

நிற்க. இது மேல்நாட்டார் குற்றம், நமக்கு என்ன என்று சிலர் வினவலாம். நம் நாட்டிலும் இதற்கு மூத்த சொல் ஒன்று உண்டு. 'வருணசங்கரம்' என்பது அது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தில் அருச்சுனன் போரினால் விளையக்கூடிய தீங்குகளை அடுக்கும்பொழுது இச்சொல்லை ஆளுகின்றான். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், எந்த வருணத்து ஆணுக்கும் எந்த வருணத்துப் பெண்ணுக்கும் பிறந்தவர் எச்சாதியார் என்று நீண்டதோர் அட்டவணையே தருகிறது. ஆண் உயர்ந்தவனாயின் அநுலோமம். பெண் உயர்ந்தவளாயின் பிரதிலோமம். பின்னதற்கே இழிவு மிகுதி. பெண்ணின் சம்மதம் அந்த அட்டவணையிலும் ஓரிடமும் பெறவில்லை.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. நம் ஜாதியைக் குறிக்க ஆங்கிலர் வழங்கும் 'காஸ்ட்' என்னும் சொல் நம்முடையதன்று. குலம், இனம் என்னும் பொருளில் போர்த்துகீசியர் வழங்கிய 'காஸ்தா' என்பதே அது. கடல் கடந்து வந்த அவர்கள் நம்மிடையே கண்ட ஏற்பாட்டுக்கு அப்பெயரை இட்டனர். பின்னர் அச்சொல்லிலிருந்து ஆங்கிலர் 'ஹாப் காஸ்ட்', அதாவது அரைச்சாதி, என்றொரு தொடரை ஆக்கினர். இந்தியாவில் வழங்கிய அத்தொடர் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. விக்டோரியாக் குடியேற்றத்தில் 1886-ல் செய்த சட்டத்தில் ஆதிக்குடிகளின் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதற்கு அதுவே அளவுகோலாயிற்று. நம் ஜாதிக்கும் அவர்தம் இனபேதத்திற்கும் இடையே சொற்கள் இவ்வாறு போக்குவரவு செய்திருக்க, அது வேறு இது வேறு என்று முற்றும் கைகழுவுதல் இயலாது.

இனி நம் ஊர்ப்புறத்திற்கு வருவோம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடப்பது பழவேற்காடு. 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்குப் போர்த்துகீசியர் குடியிருந்தனர். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1610-ல் சந்திரகிரி அரசரிடம் உடன்படிக்கை பெற்று, 1613-ல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் வாணிகத்துக்குத் தலைநகர் இப்பழவேற்காடே. இக்கரையின் நெசவாளர் நெய்த துணிகள் இங்கிருந்து சாவகத்துக்கும் பிற கீழ்த்திசைத் தீவுகளுக்கும் ஏறின.

டச்சுக் கும்பெனியார் அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் தனியாக வந்த ஆடவர். அவர்கள் இங்கேயே மணந்தனர். கிறிஸ்து சமயம் தழுவிய உள்நாட்டுப் பெண்களையும், போர்த்துகீசியர் வழிவந்த குடும்பத்துப் பெண்களையும் மணந்தனர். மணப்பெண் ஞானஸ்நானம் பெற்றவளாயிருத்தல் வேண்டும், கும்பெனியின் அனுமதியும் வேண்டும் என்பனவே விதிகள். தோலின் நிறம் மணத்துக்குத் தடையாகவில்லை. ஆயினும் கும்பெனியாருடைய ஏடுகளில் பிள்ளைகளைக் குறிக்க 'மெஸ்தீசோ', 'காஸ்தீசோ' முதலிய போர்த்துகீசியப் பெயர்கள் புகுந்தன. பதவியா நகரத்திலோ, ஆசியப் பெண்ணை மணந்தவர் குடும்பத்தோடு ஐரோப்பா திரும்புவதற்குத் தடைகளும் விதிக்கப்பட்டன. மணம் ஆகலாம், தாய்நாட்டில் அது கண்ணில் படலாகாது என்பது கருத்துப்போலும்.

அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்துதான் பஞ்சகாலங்களில் விலைப்பட்ட நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அடிமைப் பெண்களுக்கு எசமானர்களிடம் பிறந்த பிள்ளைகளும் உண்டு. கோயிலில் மணந்த மனைவியின் பிள்ளையும், விலைக்கு வாங்கப்பட்டவளின் பிள்ளையும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். முன்னே நாம் சொன்ன குற்றம் இங்கும் நிகழ்ந்தது காண்க. ஒருத்தி வாழ்க்கைப்பட்டாள், ஒருத்தி வாங்கப்பட்டாள். இவ்விருவர்க்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 'கலப்பு' என்று சொன்ன அளவில் மலையும் மடுவும் சமமாய்விடுகின்றன.

பழவேற்காட்டில் தொல்பொருள் துறையினர் காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே கற்களில் பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமும் வெட்டப்பட்டிருக்கின்றன. இத்தகைய கல்லெழுத்துக்களில் மணமான பெண்ணை இன்னாருடைய மனைவி என்று குறிப்பது வழக்கம். வாழ்ந்தவர்க்கு அது போதுமானதாயிருந்தது. அதற்கு மேற்பட்ட சொல் கணக்கெழுதுவோர்க்கே தேவைப்பட்டது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலக் கும்பெனியார் நடந்துகொண்ட முறையும் அறியத்தக்கது. 1687-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த இயக்குநர்கள் சென்னைத் தலைவருக்கு ஒரு கடிதம் விடுத்தனர். கோட்டைச் சிப்பாய்கள் உள்நாட்டுப் பெண்களை மணத்தல் கும்பெனிக்கு மிக நன்மை பயப்பது. அம்மணத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நானம் செய்யும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அதன் செய்தி. அன்று ஆள் வேண்டியிருந்தது. ஆகவே வராகன் கிடைத்தது. நூறாண்டு கழிந்தது. ஆட்சி நிலைபெற்றது. 1791-ல் தாய் தந்தையருள் ஒருவரேனும் இந்தியராயிருப்பவர் கும்பெனியின் சிவில், இராணுவ, கடற்படை உத்தியோகங்களுக்கு உரியரல்லர் என விதித்தனர். 1795-ல், இருபுறமும் ஐரோப்பியரல்லாதார் சேனையில் குழலூதலாம், முரசடிக்கலாம், குதிரைக்கு இலாடம் கட்டலாம். போர்வீரராதல் கூடாது என்றனர். மணமும் மக்களும் மாறவில்லை. ஆள்வோர் தேவை மாறிற்று. தேவை மாறியவுடன் வராகன் பெற்ற குழந்தையின் வழித்தோன்றல் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். தூய்மை, கலப்பு என்பனவெல்லாம் இயற்கை வகுத்த நியதி என்போர் இவ்வரலாற்றுக்கு என்ன விடை தருவர்?

அம்மக்களுக்கு வழங்கிய பெயர்களோ பல. 'ஈஸ்டு இந்தியர்' என்றனர், 'யூரேஷியர்' என்றனர், 1911 முதல் 'ஆங்கிலோ இந்தியர்' என்பது அரசாங்க வழக்காயிற்று. நம்மவர் 'சட்டைக்காரர்' என்றனர். இலங்கைத் தமிழர் 'பறங்கியர்' என்றனர். 1856-ல் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. உத்தியோகம் மறுக்கப்பட்ட சமூகத்தாருள் பலர்க்கு அவ்விருப்புப்பாதையே பின்னர் வாழ்வளித்தது. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் அவர்கள் பெருகி வாழ்ந்தமைக்கு இதுவே காரணம்.

இந்திய அரசியலமைப்பின் 366-ஆம் உறுப்பில் 'ஆங்கிலோ இந்தியர்' என்பதற்கு இலக்கணம் கூறப்பட்டிருக்கிறது. தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோருள் ஒருவரோ ஐரோப்பிய வழியினராயிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய வழியைத் தாய்மூலம் பெற்றவர் அதனுள் அடங்கார். பழவேற்காட்டிலும் சென்னையிலும் வாழ்க்கைப்பட்ட அந்தத் தமிழ்த் தாய்மாரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. கணவர் பெயர்களே தலைமுறைதோறும் நின்றன. கொழும்பு நகரில் 1908-ல் தோன்றிய டச்சுப் பறங்கியர் சங்கமும் தன் வெளியீட்டில் தந்தைவழி வமிசாவளிகளைப் பலகாலம் அச்சிட்டு வந்தது. சங்கம் வைத்து வமிசம் எழுதும் வழக்கமுள்ள நமக்கு இச்செய்தி புதுமையாயிராது. எழுதப்படாமல் விடப்பட்டவள் யார் என்று கேட்கும் வழக்கந்தான் புதுமையாயிருக்கும்.

இனித் தமிழில் 'கலப்பு' என்னும் சொல்லை நோக்குவோம். கலத்தல் பழந்தமிழில் இழிசொல் அன்று. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு, முன்பு உறவேதும் இல்லாத இருவரைப் பற்றியது. அங்கே கலந்தவை நெஞ்சங்கள். குலமும் குருதியும் அல்ல. தொல்காப்பியர் தலைவன் தலைவியர்க்கு உரிய பத்து ஒப்புமைகளுள் பிறப்பையும் குடிமையையும் முன்வைத்தார் என்பதையும் நாம் மறைக்கவில்லை. நம் முன்னோர் பேதமே அறியாதவர் என்று பொய்ப்பெருமை பேசுதல் வரலாறு ஆகாது. ஆயினும், இன்றைய வழக்கில் 'கலப்பு' என்பதன் சுற்றத்தார் எவர்? கலப்படம், கலப்பினக் காளை, கலப்பு உரம். பாலில் நீர் கலந்தால் கலப்படம். மனிதர் இருவர் கைப்பிடித்தால் கலப்பு மணம். ஒரு தூய பொருள் முன்னே இருந்தது, அது கெட்டது என்னும் எண்ணம் சொல்லோடு சொல்லாய் வருகிறது. இன்னும் கூறின், இச்சொல் மணமக்களோடு நில்லாது. 'கலப்பில் பிறந்தவன்' என்று பிள்ளையைத் தொடரும். பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்கும் நாளிலும் வந்து நிற்கும்.

சட்டம் இவ்விஷயத்தில் மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டுத் தனி விவாகச் சட்டத்தின்படி மணந்துகொள்ள விரும்பியோர், தாம் இந்து, கிறிஸ்து முதலிய எச்சமயத்தையும் சேர்ந்தவரல்லர் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1923-ல் இந்துக்கள், பௌத்தர், சீக்கியர், ஜைனர் தம்முள் மணப்பதற்கு அந்நிர்ப்பந்தம் நீங்கியது. 1949-ல், ஜாதி வேறுபாடு ஒன்றையே காரணமாகக் காட்டி இந்து மணம் எதனையும் செல்லாதென்னலாகாது எனச் சட்டமாயிற்று. 1954-ல் புதிய தனி விவாகச் சட்டம் வந்தது. சட்டங்கள் இடைக்காலத்தில் இருந்தபொழுதே, 1920-ல், ருக்மிணி தேவி அம்மையார் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். சென்னை நகரத்தில் எழுந்த கண்டனம் சிறிதன்று. அவரே 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்து, பரதநாட்டியத்தை உலகறியச் செய்தார். மரபு கெட்டது என்று அன்று அழுதவர்களின் பேத்தியர், மரபு கற்பதற்காக அவரிடத்தே சென்றனர்.

தமிழ்நாட்டு அரசாங்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நினைவாக ஜாதி வேறுபட்ட தம்பதிகளுக்கு நிதியுதவி செய்யும் திட்டம் ஒன்றை வைத்துள்ளது. அதன் பெயரிலும் 'கலப்புத் திருமணம்' என்றே காண்கிறோம். நோக்கம் உயர்ந்தது, சொல்தான் பழையது. 'ஜாதி மறுப்புத் திருமணம்' என்று இன்று பலர் வழங்கும் தொடர் செயலின் துணிவைக் காட்டுகிறது. ஆதலின் அது மேலானதே. ஆயினும், மணக்கும் இருவர் எதையும் மறுக்கப் புறப்படாமல், ஒருவரையொருவர் ஏற்கவே புறப்பட்டிருக்கவும் கூடும். அவர்களுக்குத் 'திருமணம்' என்னும் சொல்லே பொருந்தும்.

சொல் மாறினால் என்ன பயன் என்போர்க்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. பெற்ற மகளையும் அவள் கணவனையும் ஜாதியின் பெயரால் கொல்லும் கொடுஞ்செயலைச் சில காலம் முன்வரை 'கௌரவக் கொலை' என்று எழுதினார்கள். இன்று தமிழ்நாட்டில் 'ஆணவக் கொலை' என்பது வழக்காயிற்று. கொன்றவனுக்கு முன்னைய சொல் மாலையிட்டது. பின்னைய சொல் அவனைக் கூண்டிலேற்றியது. இத்தகைய மணங்கள் நாட்டின் நலனுக்கு உரியவை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் லதா சிங் வழக்கில் கூறிற்று. நீதிமன்றம் கூறியதை ஊர் கூறுவதற்கு ஊரின் நாவில் தகுந்த சொல் இருத்தல் வேண்டும்.

ஜாதியின் பெயரால் அமைந்த சங்கத்தின் ஏட்டில் இவ்வாறு எழுதுவது முறையோ என்று ஐயுறும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. சங்கம் நம் பிள்ளைகளுக்குக் கல்வியுதவி தருகிறது. ஏழைப் பெண்ணின் மணத்துக்குக் கைகொடுக்கிறது. துக்க வீட்டில் முன்நிற்கிறது. இவை நற்காரியங்கள். நம்முள் ஒருவர் மகள் வேறு குலத்தானை, அல்லது கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்க வந்த வேற்றுமொழியான் ஒருவனை, மனமொப்பி மணந்தால், இந்நற்காரியங்கள் அவள் வாசற்படியில் நின்றுவிட வேண்டுமா? அவள் பிள்ளை கல்வியுதவிக்கு மனுச்செய்யும்பொழுது, அம்மனுவின் ஓரத்தில் 'கலப்பு' என்று எழுத ஒருவர் பேனா எடுப்பாரா? எடுத்தால், 1791-ல் கும்பெனியார் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் வேற்றுமை என்ன?

ஆதலின் நாம் வேண்டுவது இது. சங்கத்தின் பதிவேடுகளிலும் இவ்வேட்டின் மணச் செய்திகளிலும் மணமகன் பெயர், மணமகள் பெயர், இருவர் பெற்றோர் பெயர், தாய்மார் பெயர் உட்பட, எழுதப்படட்டும். அதன்பின் 'திருமணம் நடைபெற்றது' என்று முடியட்டும். அதற்குமேல் ஓர் அடைமொழியும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அவர்தம் பெயரே போதும். மணத்தைப் பற்றி ஆராய வேண்டிய வினா ஒன்றுண்டு. இருவரும் மனமொப்பினரா என்பதே அது. அவ்வினாவைக் கேளாத சொற்கள் எத்துணைப் பழமை வாய்ந்தனவாயினும், எத்துணை அரசாங்க முத்திரை பெற்றனவாயினும், நம் ஏட்டில் இடம்பெறத் தக்கன அல்ல. அறிஞர்கள் இதனைச் சிந்தித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆவன செய்வார்களாக.